கணக்கு வராதவர் ரேடியோகிராஃபி படிக்கலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு என்னிடம் வரும் கேள்விகளில் இது தவறாமல் இருக்கும். “பிள்ளைக்குக் கணக்கு வராதுங்க, அதனாலதான் பதினொண்ணாவதுல சயின்ஸ் குரூப் போட்டோம். எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்புல சேத்துவிடலாமா?” கேட்பது பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோதான். பிள்ளை பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும்.

சேர்த்துவிடலாம். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. ரேடியோகிராஃபி படிப்பில் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் போதும். மேல்நிலையில் கணக்கு எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால், “அப்படியானால் இந்தப் படிப்பில் கணக்கே கிடையாது” என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதலாண்டு இயற்பியல் வகுப்பிலேயே திணறுகிறார்கள். அவர்களை இத்தனை ஆண்டுகளாகப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். அவர்கள் விழுவது நுண்கணிதத்தில் இல்லை. விகிதத்தில், சதவீதத்தில், தசமப் புள்ளியில், மில்லியை மைக்ரோவாக மாற்றுவதில் விழுகிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு வேண்டிய கணக்கில் பெரும்பகுதி பத்தாம் வகுப்பைத் தாண்டாது. ஆனால் அந்தப் பத்தாம் வகுப்புக் கணக்கு நோயாளி எதிரில் படுத்திருக்கும்போது, பேப்பரும் பேனாவும் இல்லாமல், அரை நிமிடத்தில் வர வேண்டும்.

ஒரு நிலைமையைப் பாருங்கள். ஐசியூவுக்கு போர்ட்டபிள் மெஷினைத் தள்ளிக்கொண்டு போகிறோம். நெஞ்சு எக்ஸ்ரே. வழக்கமாக 100 செ.மீ. தொலைவில் 4 எம்ஏஎஸ் (எவ்வளவு கதிர் விட வேண்டும் என்று மெஷினில் வைக்கிற அளவு) வைத்து எடுக்கிற படம். கட்டிலைச் சுற்றி வென்டிலேட்டர், சொட்டு மருந்துக் கம்பி, மானிட்டர். எக்ஸ்ரே டியூபை 130 செ.மீ.க்கு மேல் நெருக்கிக் கொண்டுவர இடமில்லை. இப்போது எவ்வளவு வைப்பது?

புதிதாக வருகிறவர் மனசில் சட்டென்று ஓடுவது இது: தொலைவு 30 சதவீதம் கூடியிருக்கிறது, எம்ஏஎஸ்ஸையும் 30 சதவீதம் கூட்டினால் 5.2, சரியாகிவிடும். ஆகாது. கதிர்கள் புறப்பட்ட இடத்திலிருந்து விரிந்துகொண்டே போகின்றன. இருட்டறையில் டார்ச்சை சுவரில் அடித்துப் பாருங்கள். சுவருக்கு ஒரு அடி தள்ளி நின்றால் வெளிச்சம் ஒரு சாண் அகலம், ஒரு சாண் உயரத்துக்கு விழுகிறது என்றால், இரண்டு அடி தள்ளிப்போனால் இரண்டு சாண் அகலம், இரண்டு சாண் உயரம். அதே வெளிச்சம் இப்போது நான்கு மடங்கு பரப்பில் பரவியிருக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் கிடைப்பது கால் பங்கு. ஆகவே தொலைவின் விகிதத்தை அதே எண்ணால் ஒருமுறை பெருக்க வேண்டும். 1.3 பெருக்கல் 1.3 என்றால் 1.69. அதை 4-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 6.8. மெஷினில் அதற்கு அருகில் இருக்கிற அளவை வைத்து எடுக்க வேண்டியதுதான்.

இதில் புதுக் கணக்கு ஒன்றுமே இல்லை. பள்ளி அறிவியல் பாடத்தில் நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் படிக்கும்போது “தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில்” என்று எல்லாரும் மனப்பாடம் செய்ததுதான். தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். கல்லூரியில் ஆசிரியர் “இன்வர்ஸ் ஸ்கொயர் லா” என்று சொல்லும்போது, அது தங்களுக்குத் தெரிந்த அதே எதிர்விகிதம்தான் என்று அவர்களுக்கு உறைப்பதில்லை. கணக்கு தெரியும், கணக்கின் ஆங்கிலப் பெயர் தெரியாது. அதைக் கணக்கு வராத குறையாக அவர்களே எடுத்துக்கொண்டு ஒடுங்கிப்போகிறார்கள். இது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வருத்தம் தருகிற விஷயம். ஒரு நாள் உட்கார்ந்து இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்காட்டினால் தீர்ந்துபோகிற சிக்கல் அது.

எம்ஏஎஸ் என்று மேலே சொன்னேனே, அது டியூபில் ஓடும் மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கி வருவது. 100 மில்லியாம்பியரை 0.1 நொடிக்கு விட்டால் 10 எம்ஏஎஸ். 400 மில்லியாம்பியரை 0.025 நொடிக்கு விட்டாலும் அதே 10. படத்தைப் பதிவுசெய்யும் டிடெக்டரில் விழும் கதிரின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும்? மேசையில் கிடப்பது மூன்று வயதுக் குழந்தை, கை காலை உதறி அழுகிறது. 0.1 நொடியில் படம் கலங்கிவிடும், 0.025 நொடியில் கலங்காமல் கிடைக்க வாய்ப்பு அதிகம். மின்னோட்டத்தை நான்கு மடங்கு ஏற்றினால் நேரம் நான்கில் ஒன்றாக வேண்டும் என்பது எதிர்விகிதம். அதை 25 மில்லிசெகண்ட் என்று மெஷின் காட்டினாலும் அடையாளம் தெரிய வேண்டும், நாற்பதில் ஒரு நொடி என்று யாராவது சொன்னாலும் தெரிய வேண்டும். பின்னமும் தசமமும் ஒன்றுக்கொன்று மாறுகிற இந்த இடத்தில்தான் தவறுகள் அதிகம்.

அடுத்து கேவி, அதாவது டியூபுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம். எக்ஸ்ரே அறையில் வழிவழியாக வரும் ஒரு கைக்கணக்கு உண்டு: கேவியை 15 சதவீதம் கூட்டினால் எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கலாம். 80 கேவி, 10 எம்ஏஎஸ் என்றிருப்பதை 92 கேவி, 5 எம்ஏஎஸ் ஆக்கினால் டிடெக்டருக்கு வருவது ஏறக்குறைய அதே அளவு. ஏன் 15 என்று பலர் கேட்பதே இல்லை. நோயாளியின் உடலைக் கடந்து டிடெக்டரை அடையும் கதிர் கேவியின் நான்கு அல்லது ஐந்தாம் அடுக்கை ஒட்டிக் கூடுகிறது. 1.15-ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 2.01 வரும். 15 சதவீதத்துக்கு இரண்டு மடங்கு என்பது அங்கிருந்து வருகிறது. ஆனால் டியூபிலிருந்து வெளியே வரும் கதிர் கேவியின் இருமடியை ஒட்டித்தான் கூடுகிறது: 1.15 பெருக்கல் 1.15 என்றால் 1.32. எம்ஏஎஸ் பாதியானதால் அதில் பாதி, 0.66. அதாவது நோயாளியின் தோலில் விழும் டோஸ் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. படத்தின் கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்பு வெள்ளை வேறுபாடு, சற்றுக் குறையும், அது இதற்குக் கொடுக்கும் விலை. அடுக்குக்குறி தெரிந்த ஒருவர் இந்தப் பேரத்தைப் புரிந்து செய்கிறார். தெரியாதவர் சீனியர் சொன்னதைச் செய்கிறார், அவ்வளவுதான்.

“இன்றைக்கு எல்லாவற்றையும் மெஷினே பார்த்துக்கொள்கிறதே” என்பார்கள். உண்மைதான். நெஞ்சு, முட்டி, இடுப்பு என்று படத்தைத் தொட்டால் கேவியும் எம்ஏஎஸ்ஸும் தானாக வந்து நிற்கின்றன. போதிய கதிர் வந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஆனால் டிஜிட்டல் வந்த பிறகுதான் டெக்னீஷியனுக்குக் கணக்கு அதிகம் தேவைப்படுகிறது என்பது என் உறுதியான எண்ணம். காரணம் இருக்கிறது.

ஃபிலிம் காலத்தில் கணக்குத் தப்பினால் டார்க் ரூமை விட்டு வரும்போதே தெரியும். அதிகம் கொடுத்திருந்தால் ஃபிலிம் கறுத்திருக்கும், குறைத்திருந்தால் வெளுத்திருக்கும். எல்லார் கண்ணிலும் படும், திட்டும் கிடைக்கும். டிஜிட்டலில் இரண்டு மடங்கு கொடுத்தாலும் கம்ப்யூட்டர் வெளிச்சத்தைச் சமன்செய்து அழகான படமாகக் காட்டிவிடும். குறைத்துக் கொடுத்தால்தான் படம் மணல் தூவியதுபோலப் பொரிப்பொரியாகத் தெரியும். அந்தப் பொரியைப் பாதியாக்க எத்தனை மடங்கு கதிர் வேண்டும் தெரியுமா? இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. இரைச்சல் என்று சொல்லும் இந்தப் பொரி, கதிர் அளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஆகவே “படம் நல்லா வரட்டும்” என்று கொஞ்சம் கொஞ்சமாக எம்ஏஎஸ்ஸை ஏற்றிக்கொண்டே போகிற பழக்கம் ஒரு டிபார்ட்மென்ட் முழுக்கப் பரவிவிடும். யாருக்கும் தெரியாது, படம் எதையும் காட்டிக்கொடுக்காது. தெரிந்துகொள்ள வேண்டியது ஒரே ஓர் எண்ணைப் பார்த்துத்தான்.

டீவியேஷன் இண்டெக்ஸ் என்று திரையின் ஓரத்தில் வரும் எண் அது. 0 என்றால் இலக்கு வைத்த அளவு கிடைத்தது. +3 என்று வந்தால்? மூன்று சதவீதம் அதிகம் போலிருக்கிறது, பரவாயில்லை என்று கடந்துபோன மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எண் மடக்கையில் (லாகரிதம்) எழுதப்பட்டது. கிடைத்த அளவை இலக்கு அளவால் வகுத்து, 10 அடிமான மடக்கை எடுத்து, 10-ஆல் பெருக்குகிறார்கள். 2-இன் மடக்கை 0.301. ஆகவே +3 என்றால் இரண்டு மடங்கு கொடுத்துவிட்டோம். −3 என்றால் பாதி. +10 என்றால் பத்து மடங்கு. மடக்கையை மேல்நிலைக் கணக்கில் படிக்காத பிள்ளையும் வேதியியலில் பிஹெச் கணக்குப் போட்டிருப்பார். பிஹெச் ஒன்று மாறினால் பத்து மடங்கு என்று தெரிந்திருக்கும். அதே சங்கதிதான் இது. ஒரு குழந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயில் +6 என்று வந்தால், நான்கு மடங்கு என்று அந்தக் கணமே மனசுக்குப் படவேண்டும். பட்டால்தான் அடுத்த குழந்தைக்குச் செட்டிங்கை மாற்றுவோம்.

வடிவியலும் உண்டு, ஆனால் ஒரே ஒரு தேற்றம் போதும். எக்ஸ்ரே என்பது நிழல். டியூபின் புள்ளியிலிருந்து உறுப்பு வரை ஒரு முக்கோணம், டிடெக்டர் வரை ஒரு பெரிய முக்கோணம், இரண்டும் வடிவொத்தவை. டியூபிலிருந்து டிடெக்டருக்கு உள்ள தொலைவை, டியூபிலிருந்து உறுப்புக்கு உள்ள தொலைவால் வகுத்தால் நிழல் எத்தனை மடங்கு பெரிதாகிறது என்று வந்துவிடும். பத்தாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணம்தான், வேறொன்றுமில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயை 180 செ.மீ. தொலைவில், நெஞ்சை டிடெக்டர் மேல் சாய்த்து நிற்கவைத்து எடுப்பதன் காரணம் இதில் இருக்கிறது. இதயம் டிடெக்டரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 180-ஐ 170-ஆல் வகுத்தால் 1.06; 12 செ.மீ. இதயம் 12.7 ஆகத் தெரியும். அதே நோயாளியைப் படுக்கவைத்து, முதுகுக்கடியில் டிடெக்டரை வைத்து, 100 செ.மீ.இல் எடுத்தால் இதயம் 18 செ.மீ. தள்ளிப் போய்விடுகிறது. 100-ஐ 82-ஆல் வகுத்தால் 1.22, இதயம் 14.6 செ.மீ. ஆகிவிடும். இதய வீக்கம் இல்லாதவருக்கு வீக்கம் இருப்பதுபோலப் படம் காட்டும். படத்தின் மேல் எந்தத் திசையில் எடுத்தது, படுக்கவைத்தா நிற்கவைத்தா என்று கட்டாயம் குறிக்கச் சொல்வது இதனால்தான்.

முக்கோணவியலில் சைன் ஒன்று வரும். டியூபுக்குள் எக்ஸ்ரே பிறக்கும் உலோகப் பகுதியான ஆனோடு சரிவாக வெட்டப்பட்டிருக்கும். அந்தக் கோணம் 12 பாகை என்றால் சைன் மதிப்பு 0.208. உண்மையில் 5 மி.மீ. நீளமுள்ள இடத்தில் வெப்பம் பரவுகிறது, நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் அது 1 மி.மீ. புள்ளியாகத்தான் தெரிகிறது. இதைத் தேர்வில் கேட்பார்கள், வேலையில் நீங்கள் கணக்கிட வேண்டியிருக்காது.

பாதிப் பாதியாகக் குறைகிற கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். ஒரு குறிப்பிட்ட தடிமனுள்ள தகடு கதிரைப் பாதியாக்குகிறது என்றால், அதே தகடு இன்னொன்றை வைத்தால் முழுவதும் நின்றுவிடாது. மீதமிருக்கும் பாதியில்தான் பாதி போகும். மூன்று தகட்டுக்குப் பிறகு எட்டில் ஒன்று, பத்து தகட்டுக்குப் பிறகு 1024-இல் ஒன்று. பூச்சியம் மட்டும் வராது. ஈயம் வைத்த லெட் ஏப்ரனைப் போட்டுக்கொண்டவுடன் நம்மேல் ஒன்றும் படாது என்று நினைத்து டியூபுக்குப் பக்கத்திலேயே நிற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு உள்ளே இறங்கவில்லை என்று பொருள். அணு மருத்துவத்துக்குப் போகிறவர்களுக்கு இதே கணக்கு நேரத்தில் ஓடும். டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்க ஐசோடோப்பின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி நேரம். காலை 8 மணிக்கு 20 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்தது மதியம் 2 மணிக்கு 10, இரவு 8 மணிக்கு 5. நோயாளி தாமதமாக வந்தால் எவ்வளவு எடுத்து ஊசியில் ஏற்றுவது என்பது இதை வைத்துத்தான்.

சி.டி. ஸ்கேன் என்றதும் கணக்குப் பயம் இரட்டிப்பாகிறது. அந்த மெஷினுக்குப் பின்னால் பெரிய கணிதம் இருப்பது உண்மை. ஒரு பொருளை எல்லாத் திசைகளிலிருந்தும் ஊடுருவிப் பார்த்த அளவுகளிலிருந்து அதன் உட்புறத்தை மீட்டெடுக்கலாம் என்று ஆஸ்திரியக் கணிதவியலர் யோஹான் ரடோன் 1917-இலேயே நிறுவினார். பிறகு ஆலன் கோர்மாக் தனியாக அதே வழியைக் கண்டார். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு மெஷினைச் செய்தார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை ஸ்கேன் எடுக்கப்பட்டது. 180 கோணங்கள், ஒவ்வொன்றிலும் 160 அளவீடு, மொத்தம் 28,800 எண்கள். அவற்றிலிருந்து 80-க்கு 80 கட்டங்கள் கொண்ட ஒரு படம். 1979-இல் கோர்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இந்தக் கணிதத்தை எல்லாம் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. மெஷினைக் கட்டுவதற்கு வேண்டிய கணக்கு வேறு, மெஷின் முன்னால் உட்காருவதற்கு வேண்டிய கணக்கு வேறு. தொகையீட்டையும் ஃபூரியர் உருமாற்றத்தையும் பாடப்புத்தகத்தில் பெயராகப் பார்ப்பீர்கள். இவை எதைச் செய்கின்றன என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

முன்னால் உட்காருவதற்கு வேண்டியது குறை எண்களின் கூட்டல் கழித்தல். சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் எண் கொடுக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் தண்ணீர் 0, காற்று −1000, கொழுப்பு −100-ஐ ஒட்டி. வயிற்றுப் படத்தைப் பார்க்க நடு அளவு 40, அகலம் 400 என்று வைத்தால், 400-இல் பாதியை 40-இலிருந்து கழித்து −160, கூட்டினால் 240. −160-க்குக் கீழே எல்லாம் ஒரே கறுப்பு, 240-க்கு மேலே எல்லாம் ஒரே வெள்ளை. நுரையீரலின் மதிப்பு −160-க்கு வெகு கீழே. இப்படி வைக்கிற எல்லைக்கு ஜன்னல் என்று பெயர்; அதனால் வயிற்றுக்கான ஜன்னலில் நுரையீரலைத் தேடினால் ஒன்றும் தெரியாது. இந்தக் கழித்தலைப் போடத் தெரிந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது புரியும்.

டோஸ் கணக்கும் அப்படித்தான். மெஷின் காட்டும் டோஸ் அளவு 10 மில்லிகிரே, ஸ்கேன் செய்த நீளம் 30 செ.மீ. என்றால் பெருக்கி 300. அதை நெஞ்சுப் பகுதிக்கென்று இருக்கிற 0.014 என்ற எண்ணால் பெருக்கினால் 4.2 மில்லிசீவர்ட்; உடம்புக்கு நேரும் பாதிப்பைக் கணக்கிடும் அலகு அது. “எதற்கும் இருக்கட்டும்” என்று மேலேயும் கீழேயும் மூன்று மூன்று செ.மீ. நீட்டி வைத்தால் 36 செ.மீ.; 20 சதவீதம் கூடுதல் டோஸ், கேட்காமலே கொடுத்தது.

எம்.ஆர்.ஐ.யில் ஒரு பெருக்கல்: காந்தப்புலத்தின் வலிமையை (டெஸ்லா) வைத்து ரேடியோ அலையின் அதிர்வெண்ணைக் காண்பது. ஹைட்ரஜனுக்கு ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ், 1.5 டெஸ்லா மெஷினில் 63.87. அதற்கு மேல் அங்கே வருவது இயற்பியல்.

அலகு மாற்றத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஆனால் பயத்தோடு பார்க்க வேண்டிய இடம் இதுதான். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 2 மி.லி. கான்ட்ராஸ்ட் மருந்து (ஸ்கேனில் உறுப்புகள் தெளிவாகத் தெரிய ஏற்றுவது) என்று டாக்டர் எழுதியிருந்தால் 24 மி.லி. புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் 240. பெரியவருக்கும் அது அதிகம். “இந்த எண் இந்த உடம்புக்குப் பொருந்துமா?” என்று கேட்டுப் பார்க்கிற மதிப்பீட்டுப் பழக்கம் கால்குலேட்டரில் வராது. நம் உடம்பின் கணக்கும் இதே அலகுகளில்தான் வருகிறது. நம்மேல் பட்ட கதிரை அளக்கச் சட்டையில் மாட்டுகிற டிஎல்டி பேட்ஜின் ரிப்போர்ட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு தனி ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ரிப்போர்ட்டில் 0.25 மில்லிசீவர்ட் என்று வந்தால் அது 250 மைக்ரோசீவர்ட். இதே அளவு நான்கு முறை வந்தால் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். இதைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியாமல், ஃபைலில் போட்டுவிட்டு முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சேர்வதற்கு முன் கிடைக்கும் கோடை விடுமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டால், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுங்கள் என்பேன். வடிவொத்த முக்கோணம் அதில் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் புத்தகம் கிடைத்தால் நேர்விகிதம், எதிர்விகிதம், சதவீதம். கால்குலேட்டர் இல்லாமல் 1.2, 1.3, 1.5, 1.8 ஆகியவற்றின் வர்க்கத்தைச் சொல்லிப் பழகுங்கள்: 1.44, 1.69, 2.25, 3.24. கடைசியது 100 செ.மீ.இலிருந்து 180 செ.மீ.க்குப் போகும்போது எம்ஏஎஸ்ஸைப் பெருக்க வேண்டிய எண். எக்ஸ்ரே அறையில் அடிக்கடி தேவைப்படும்.

நான் முதல் நாள் வகுப்பில் போடுகிற கணக்கு டியூபைப் பற்றியது இல்லை. நிற்கிற இடத்தைப் பற்றியது. போர்ட்டபிள் எடுக்கும்போது நோயாளியின் உடம்பிலிருந்து சிதறி வரும் கதிர், 1 மீட்டரில் நிற்பவருக்கு 1 என்றால், 2 மீட்டரில் ஏறக்குறைய கால் பங்கு, 3 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. இரண்டே எட்டு. கணக்கு வராது என்று சொல்லிக்கொண்டு வந்த பிள்ளைகள்தான் அன்றைக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். மறுவாரம் வார்டுக்குக் கூட்டிப்போனால் ஸ்விட்ச் கயிற்றை முழு நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போய் நிற்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் துணைக்கு உட்கார்ந்திருப்பவரிடம், “அக்கா, ஒரு ரெண்டு எட்டு தள்ளிப் போய் நின்னுக்கோங்க, எடுத்து முடிச்சதும் கூப்பிடறேன்” என்று அவர்களே சொல்கிறார்கள்.